பழச் செருப்பு

2 மே 2023, செவ்வாய்

இன்று எனக்கு எழுபத்தொன்பது வயது, ஐந்து மாதம், பதினோரு நாள். வேதியியல் கற்பித்தவளுக்கு 'ஏறத்தாழ' என்ற சொல் ஒவ்வாது. ஓய்வுபெற்று இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஒரு குறிப்பேட்டைத் திறப்பதற்குக் காரணம், காலை ஒன்பதே காலுக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

அழைத்தவள் புனிதவதி. என் பழைய மாணவி. வங்கி மேலாளராக ஓய்வுபெற்றவள். கல்லூரியின் முன்னாள் மாணவியர் சங்கச் செயலாளர். மூச்சு விடுவதற்காகக்கூடப் பேச்சை நிறுத்தாதவள்.

"மேடம், காலேஜுக்கு இந்த வருஷம் வைர விழா. நாங்கள்லாம் சேர்ந்து ஒரு சமையல் புத்தகம் போடுறோம். முதல் பக்கத்துல என்ன போடலாம்னு ஓட்டெடுப்பு வெச்சோம். நூத்திப் பன்னெண்டு பேர்ல நூத்தி ஒன்பது பேர் உங்க காப்ளர்னுதான் சொல்றாங்க!"

"மீதி மூணு பேர்?"

"ரெண்டு பேர் பதில் போடல. ஒருத்தி செத்துப்போயிட்டா மேடம்."

காப்ளர் என்பது பழமும் மாவும் சேர்ந்து வேகும் ஓர் எளிய இனிப்பு. 1974 தொடங்கி, பழக்காலம் வந்துவிட்டால், திங்கட்கிழமைதோறும் ஒரு பெரிய தட்டு நிறைய அதை எடுத்துக்கொண்டு கல்லூரி விடுதிக்குப் போவேன். பிளம்ஸ் முடிந்தால் பேரிக்காய். இருபத்தேழு ஆண்டுகள் அது நடந்தது. 'ரஞ்சிதம் மேடம் காப்ளர்' என்பது அதன் பெயர். பெயரை நான் வைக்கவில்லை.

வரும் 27ஆம் தேதி, சனிக்கிழமை, புனிதவதி ஒரு குழுவோடு கோத்தகிரிக்கு என் வீட்டுக்கே வருகிறாளாம். நான் காப்ளர் செய்வதை முதலிலிருந்து கடைசிவரை படம் பிடிக்கப் போகிறார்களாம்.

இதே புனிதவதி 1979இல் பக்கத்து மேசைக்காரியின் அளவீடுகள் நான்கைத் தன்னுடையவை என்று எழுதினாள். அவளுடைய செய்முறைப் பதிவேட்டை வகுப்பின் முன்னிலையில் இரண்டாகக் கிழித்தேன். பதினான்கு சோதனைகளையும் கோடை விடுமுறையில் மீண்டும் செய்ய வைத்தேன். அதற்காக இன்றுவரை எனக்கு நன்றி சொல்கிறாள். இன்றும் சொன்னாள்: "அடுத்தவங்க செஞ்சதை நம்ம பேர்ல போட்டுக்கக் கூடாதுன்னு நீங்கதான் மேடம் கத்துக் குடுத்தீங்க."

தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு ஒரு குவளை தண்ணீர் குடித்தேன்.

செய்முறை எனக்குத் தெரியும். அதை நினைவின் மேற்பரப்புக்குக் கொண்டுவரச் சற்று அவகாசம் வேண்டும். இருபத்தைந்து நாட்கள் இருக்கின்றன.

3 மே, புதன்

ஓவனைத் திறந்தேன். அதனுள் என் ஓய்வூதிய ஆவணங்கள், இரண்டு மப்ளர்கள், காணாமற்போனதாக நான் கருதியிருந்த தனிம வரிசை அட்டவணை ஆகியவை இருந்தன. அனைத்தையும் வெளியே எடுத்தேன்.

அந்த ஓவனை வாங்கியவர் என் கணவர். பெயர் தேவசகாயம், காவல்துறையில் துணைக் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்று 2011இல் காலமானார். அவர் மீசையைப் பார்த்த மாத்திரத்தில் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. அவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பது ஊரறிந்த செய்தி.

'ஓவன்' என்றே எழுதுகிறேன். 'அவன்' என்று எழுதினால் படிப்பவர் கவனம் வேறெங்கோ போகும்.

வீட்டில் சமையல் செய்யும் பொன்னாத்தா, "ஏனுங்கம்மா, பன்னெண்டு வருசமா பூட்டிக் கெடந்ததுக்கு இப்ப என்னங் அவசரம்?" என்றாள். பழைய பயிற்சியைப் புதுப்பிப்பதாகச் சொன்னேன். "பயிற்சிங்களா? நீங்க முட்டை அவிச்சே நான் பாத்ததில்லைங்களே" என்றாள். சம்பளம் வாங்குபவர்கள் இவ்வளவு கூர்மையாகக் கவனிக்க வேண்டிய அவசியமில்லை.

5 மே, வெள்ளி

முதல் சோதனை.

கருதுகோள்: பிளம்ஸ் புளிக்கும். புளிப்பு என்பது அமிலம். அமிலத்தைக் காரம் நடுநிலையாக்கும். ஆகவே பழக்கலவையில் சமையல் சோடாவைக் கணக்கிட்டுச் சேர்த்தேன். கணக்கு ஒன்றரைப் பக்கம் வந்தது. அதில் பிழை இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

விளைவு: சிவப்பாக இருந்த பழக்கலவை முதலில் ஊதாவாகி, பிறகு நீலமாகி, இறுதியில் பச்சையாக நின்றது. பிளம்ஸின் நிறமிகள் காரத்தில் அப்படித்தான் நடந்துகொள்ளும். இதை முப்பத்து மூன்று ஆண்டுகள் நானே பாடமாக நடத்தியிருக்கிறேன்.

பொன்னாத்தா எட்டிப் பார்த்தாள். "பாசி புடிச்சுப் போச்சுங்களாம்மா?"

"நிறமாற்றம்."

"வாசல்ல ஊத்திப்போட்டா வழுக்குங். பின்னால கொண்டுபோறேன்."

சுவை நடுநிலையாக இருந்தது. அந்த வகையில் சோதனை வெற்றி.

6 மே, சனி

பாத்திரம் இன்னும் ஊறுகிறது.

9 மே, செவ்வாய்

இரண்டாம் சோதனை. இம்முறை மைதாவைப் பிசைந்து, சப்பாத்திபோல் தேய்த்து, பழத்தின்மேல் மூடியாக வைத்தேன். நினைவில் இருக்கும் காப்ளருக்கும் ஒரு மேற்பரப்பு இருந்தது. ஆகவே இது தர்க்கத்துக்கு உட்பட்டது.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுத்தேன். மூடியின்மேல் கரண்டியால் தட்டினேன். மணியோசை எழுந்தது. சன்னலோரம் ஆற வைத்துவிட்டுக் கத்தி தேடப் போன நேரத்தில், வழக்கமாக வரும் தாட்டான் குரங்கு உள்ளே கைவிட்டு மூடியைத் தூக்கிக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டது.

அதைக் கடித்தது. உற்றுப் பார்த்தது. மறுபக்கம் திருப்பிக் கடித்தது. பிறகு இறங்கி வந்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிற்று.

இந்தக் குரங்கு போன மாதம் என் தலைவலித் தைலத்தைத் தின்ற குரங்கு.

11 மே, வியாழன்

ஒப்பீட்டு மாதிரி ஒன்று கையில் இருந்தால் நல்லது என்ற அறிவியல் நோக்கத்தோடு மட்டும் ஹனீபா பாயின் பேக்கரிக்குப் போனேன். அவருடைய வர்க்கி பிஸ்கட்டுக்கு இங்கே நல்ல பெயர்.

"பாய், காப்ளர் கிடைக்குமா?"

"பஸ் ஸ்டாண்டு மரத்தடியில உக்காந்திருப்பாரு டீச்சர். பத்து மணிக்கெல்லாம் வந்திருவாரு."

"அந்தக் காப்ளர் இல்லை. பழத்துல செய்றது."

"பழத்துல செருப்பா டீச்சர்?"

"சாப்பிடறது, பாய்."

"செருப்பையா?"

இரண்டு வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஆங்கிலேயர்கள் செருப்புத் தைப்பவருக்கும் பழ இனிப்புக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்கள். விளைவுகளை நாம் அனுபவிக்கிறோம்.

15 மே, திங்கள்

புனிதவதி முன்கூட்டியே ஒரு ஃப்ளெக்ஸ் பலகை அனுப்பியிருக்கிறாள். நான் மதியம் உறங்கி எழுவதற்குள் இரண்டு ஆட்கள் அதை என் வாயிற்கதவுக்கு மேலே கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பன்னிரண்டு அடி நீளம். இடப்பக்கம் ஆய்வக அங்கியில் நான், 1985இல், யாரையோ தோல்வியுறச் செய்யப்போகும் முகத்தோடு. வலப்பக்கம் எழுத்துகள்:

'பேராசிரியர் ரஞ்சிதம் தேவசகாயம் அவர்களின் புகழ்பெற்ற பழச் செருப்புத் தைப்பவர்! நேரடிச் செயல்விளக்கம். அனைவரும் வருக!'

உடனே அழைத்தேன்.

"ஐயோ மேடம்! இங்கிலீஷ்ல டைப் பண்ணி போன்லயே தமிழாக்கிட்டேன். நான் படிச்சே பாக்கல. ஃப்ளெக்ஸ் கடைக்காரராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!"

"கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

"...நன்றி சொல்லியிருப்பேன் மேடம்."

ஏணி வைத்து இறக்க ஆள் சனிக்கிழமைதான் வருவானாம்.

16 மே, செவ்வாய்

காலை ஏழரைக்கு அழைப்புமணி. ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி ராஜரத்தினம், கையில் இரண்டு ஜோடிச் செருப்புகளோடு நின்றார். அவருக்குப் பின்னால் மேலும் மூவர்.

நிலைமை எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பலகையிலிருந்த 'பழ' என்பதை ஊர் 'பழைய' என்று படித்திருக்கிறது. வாயிற்படியில் நின்றபடி விளக்கினேன்: "பழைய செருப்பு என்றால் 'பழஞ்செருப்பு' என்று மெல்லினம் மிகும். இங்கே 'பழச் செருப்பு' என்று வல்லினம் மிகுந்திருக்கிறது. ஆகவே இலக்கணப்படி இது பழத்தாலான செருப்பைத்தான் குறிக்கும்."

நால்வரும் மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள்.

"அதெல்லாம் சரிதான் டீச்சர்," என்றார் ராஜரத்தினம். "குதிகால் மட்டும் கொஞ்சம் ஒட்டிக் குடுத்துருங்க. அவசரமில்ல."

மாலைக்குள் என் வராந்தாவில் பதினொரு ஜோடிகள். ஒன்றில் வார் இல்லை. இன்னொன்றில் வார் மட்டும்தான் இருக்கிறது.

17 மே, புதன்

மூன்றாம் சோதனை ஓவனுக்குள் இருந்த நேரத்தில் சின்னையன் வந்தார். பேருந்து நிலைய மரத்தடியில் செருப்புத் தைப்பவர், வயது எழுபத்திரண்டு. என் கணவர் பணியிலிருந்த நாட்களில் அவருடைய பூட்ஸுகளுக்கெல்லாம் இவர்தான் அடி மாற்றுவார். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்து வாங்கிப்போவார்.

வராந்தாவில் வரிசையாக இருந்த செருப்புகளைப் பார்த்தார். மேலே என் படத்தைப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது.

"ஏனுங்கம்மா, அம்பது வருசமா இந்த ஊருக் காலெல்லாம் என்ற கையிலதானுங். நீங்க காலேசுல பாடஞ் சொன்னவங்க. பென்சன் வருதுங். உங்களுக்கெதுக்குங் இந்த வேலை?"

"சின்னையன், முதல்ல உக்காருங்க. நான் தைக்கல."

"படம் போட்டு வெச்சிருக்கீங்க!"

"அது பலகாரம். பலகாரத்தோட பேரும் காப்ளர்தான்."

"என்ற தொழிலோட பேர்ல பலகாரமுங்களா?" ஒரு கணம் யோசித்தார். "நல்லா இருக்குமுங்களா?"

அதற்கான விடை ஓவனுக்குள் இருந்தது. அப்போது அவர் மூக்கை உயர்த்தி மோந்தார்.

"கம்பளி கருகுதுங்களே!"

என் தோளிலிருந்த சால்வையைப் பார்த்துக்கொண்டேன். "எந்தக் கம்பளி?"

"அதானுங், ஐயா செய்வாருல்லங்? பழக் கம்பளி!" என்று எழுந்து நேராக அடுப்படிக்குள் போய்விட்டார். கரித்துணி எடுத்து, ஓவனைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பார்த்து, மூடிவிட்டார். "இது இல்லீங்" என்றார் தாழ்ந்த குரலில். இழவு வீட்டில் பேசுவதுபோல.

பிறகு பொன்னாத்தா தந்த காபியைக் குடித்தபடி, கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார். "ஞாயித்துக்கெழம நீங்க சர்ச்சுக்குப் போயிருவீங்க. நான் பின்வாசல்ல பூட்ஸுக்கு உக்காந்திருப்பேன். ஐயா பனியனோட நிப்பாருங். மீசையெல்லாம் மாவு! நான் ஒருக்கா சிரிச்சுப்போட்டேன். லத்தியெடுத்து, 'வெளிய சொன்னீன்னா தொலைச்சிருவேன்'ன்னாருங். நான் இதுநாள் வரைக்கும் சொன்னதில்லீங்."

பொன்னாத்தாவின் கையிலிருந்த டம்ளர் நழுவி உருண்டது.

முதியவர்களின் நினைவைச் சான்றாக ஏற்பது அறிவியல் முறை ஆகாது. பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். ஆயினும், முழுமை கருதி, செய்முறை குறித்து அவரிடம் சில வினாக்கள் கேட்டு வைத்தேன்.

"மூணு டம்ளருங். மூணும் ஒரே அளவு. ஒண்ணு மைதா, ஒண்ணு சக்கரை, ஒண்ணு பாலு. கூடவே சின்னக் கரண்டியில ஏதோ வெள்ளப் பொடி."

பேக்கிங் பவுடர். சரி.

"தட்டுல வெண்ணெயப் போட்டு அடுப்புக்குள்ளயே உருக்குவாருங். அதும்மேல மாவ ஊத்துவாரு. அதும்மேல பழம்."

"பழத்தின்மேல்தானே மாவு?"

"இல்லீங்கம்மா. மாவு மேலதான் பழம். அப்புறம் கலக்கக் கூடாதுங். கையக் கட்டிட்டு உக்காந்தரோணும். பழம் உள்ள போயிரும். மாவு தானா மேல ஏறி மூடிக்கும். குளுருக்குக் கம்பளியப் போத்துன மாதிரி. அதுக்குத்தானுங் ஐயா அந்தப் பேரு வெச்சாரு."

என் கணவர் 'காப்ளர்' என்றுதான் சொல்லியிருப்பார். சின்னையன் காதில் அது கம்பளியாக விழுந்திருக்கிறது. மூலத்தைவிடப் பொருத்தமான பிழை.

18 மே, வியாழன்

நான்காம் சோதனை. சின்னையன் சொன்னபடியே. வெண்ணெய், மாவு, பழம். ஆனால் மூன்று அடுக்குகளைக் கலக்காமல் சூடேற்றினால் வினை சீராக நிகழாது என்பது அடிப்படை. ஒரே ஒருமுறை, மிக இலேசாகக் கலக்கினேன்.

களி.

19 மே, வெள்ளி

ஐந்தாம் சோதனை. கலக்கவில்லை. ஓரத்தில் மட்டும் சற்றுத் தள்ளிவிட்டேன்.

ஓரத்தில் மட்டும் களி.

20 மே, சனி

ஆள் வரவில்லை. பலகை அப்படியே இருக்கிறது. வராந்தாவில் இப்போது பத்தொன்பது ஜோடிகள்.

சின்னையன் தம் பெட்டியோடு வந்து வராந்தாவிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தைக்கத் தொடங்கிவிட்டார். "இங்க வேலை நெறையா வருதுங்" என்றார் மகிழ்ச்சியோடு. அங்கிருந்தபடியே அடுப்படியை மேற்பார்வையிட்டார்.

"கரண்டிய வெய்யுங்கம்மா."

"வெச்சுட்டேன்."

"இடது கையில இன்னொண்ணு இருக்குதுங்."

பொன்னாத்தா அதைப் பிடுங்கிக்கொண்டாள். நாற்பத்தைந்து நிமிடங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வினையை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது இவ்வளவு கடினம் என்று எந்த மாணவியும் என்னிடம் சொன்னதில்லை.

கண்ணாடி வழியே பார்த்தேன். பழங்கள் மெல்லத் தாழ்ந்தன. மாவு ஓரங்களிலிருந்து எழுந்து, நடுவை நோக்கி நகர்ந்து, பொன்னிறமாக மூடியது.

மூவரும் தின்றோம். பொன்னாத்தா தட்டைச் சுரண்டினாள்.

"ஐயா இருந்தா..." என்று ஆரம்பித்தார் சின்னையன்.

அலமாரியில் ஒரு வேலை இருந்ததால் எழுந்துபோனேன்.

22 மே, திங்கள்

பொன்னாத்தா இரண்டு நாளாக என்னைப் பார்க்கும் விதம் சரியில்லை. இன்று காலை வெங்காயம் நறுக்கியபடி கேட்டாள்.

"ஏனுங்கம்மா, அந்தப் புத்தகத்துல யாரு பேருங் போடுவாங்க?"

"என் பேர்தான் கேக்கறாங்க."

"ஓ" என்றாள். அவளுடைய 'ஓ' ஒரு நீதிமன்றத் தீர்ப்பைவிட நீளமானது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவது நலம். நான் பொய் சொன்னதில்லை. 'நீங்களே செஞ்சதா மேடம்?' என்று விடுதி மாணவிகள் கேட்டபோதெல்லாம் 'ஆறிவிடும், சாப்பிடு' என்றுதான் சொல்லியிருக்கிறேன். தட்டு என் கையில் இருந்தது. ஊகம் அவர்களுடையது.

மேலேயுள்ள பத்தியை மறுபடி படித்தேன். 1979இல் புனிதவதியும் ஏறத்தாழ இதையே சொன்னாள்: 'நான் காப்பின்னு சொல்லவே இல்ல மேடம், நோட்டு பக்கத்துல இருந்துச்சு.'

'ஏறத்தாழ' என்று எழுதிவிட்டேன். அடிக்க மனமில்லை.

24 மே, புதன்

ஏழாம் சோதனை. வெற்றி. குரங்கு திருடிக்கொண்டு போயிற்று, திருப்பி வைக்கவில்லை.

26 மே, வெள்ளி

நாளை வருகிறார்கள். சின்னையனிடம் வெள்ளைச் சட்டை போட்டு வரச் சொன்னேன்.

"நான் வாயத் தெறக்க மாட்டனுங்கம்மா. பயப்படாதீங்க. ஐயாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அவர் என்னிடமும் வாங்கினார்," என்றேன்.

உண்மை. ஆனால் அவர் கேட்டது, "நான் இருக்கிறவரைக்கும் வெளிய சொல்லிராத. ஸ்டேஷன்ல ஒருத்தன் சல்யூட் அடிக்க மாட்டான்" என்பது. அவர் இருந்தவரைக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அந்தச் சத்தியம் பொருந்தாது. அவை என்னுடையவை.

புத்தகம் ஆயிரம் பிரதி. முதல் பக்கம். நாளை ஒளிப்படக் கருவிக்கு முன்னால் நான் பேசாமல் செய்து முடித்தாலே போதும். அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிடும். பேசினால், பதிவேடு கிழித்த கையை நூற்றொன்பது பேர் வேறு விதமாகப் பார்ப்பார்கள். புனிதவதி எப்படிப் பார்ப்பாள் என்பதைக் கணிக்க எனக்குச் சூத்திரம் இல்லை.

27 மே, சனி

பதினொரு மணிக்கு வந்தார்கள். புனிதவதி, அவளோடு மூன்று முன்னாள் மாணவிகள், கருவியோடு ஒரு பெண். வராந்தாவில் தைத்து அடுக்கிய செருப்புகளைப் பார்த்ததும் ஐவரும் தங்கள் செருப்புகளையும் கழற்றி வரிசையில் விட்டார்கள். சின்னையன் உடனே இரண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

செய்தேன். மூன்று டம்ளர், வெண்ணெய், மாவு, பழம். கரண்டியைப் பொன்னாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டேன். "பாருங்கடி, என்ன நிதானம்!" என்று வியந்தாள் ஒருத்தி.

கம்பளி ஏறியது. கைதட்டினார்கள். முதல் கரண்டியை வாயில் வைத்ததும் புனிதவதியின் கண்கள் கலங்கின. "அதே தான் மேடம்! ஹாஸ்டல் திங்கட்கிழமை அப்படியே வருது!" மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கருவியைக் கையால் காட்டி, "இப்ப சொல்லுங்க மேடம். இதை நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றாள்.

"இவர்கிட்ட" என்று சின்னையனைக் காட்டினேன்.

"காப்ளர்கிட்டயே காப்ளரா!" சிரிப்பில் கருவி ஆடியது. அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்திருக்கும். அவ்வளவு சுலபமான வழி. சொன்னதும் உண்மை. சின்னையன் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பொன்னாத்தா என்னைப் பார்த்து வாயைக் குவித்தாள். மறுபடியும் அந்த 'ஓ' வரப்போகிறது என்று தெரிந்தது.

"இந்த மாதம் கற்றுக்கொண்டேன்," என்றேன். "பதினேழாம் தேதி. அதுக்கு முன்னால எனக்குச் செய்யத் தெரியாது. ஒரு தடவைகூட நான் செய்ததில்லை."

கருவி ஆடுவது நின்றது.

"அப்போ ஹாஸ்டலுக்கு வந்தது?"

"என் கணவர் செய்தது. 1974இல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். மேனேஜர் பங்களாவுக்குக் காவல் போட்டார்கள். பதினோரு நாள் ஒரு கல்லும் வரவில்லை. பங்களா பட்லர் இவருக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிட்டார். சாகும்வரைக்கும் இவர்தான் செய்தார். நான் தட்டைத் தூக்கினேன்."

"தேவசகாயம் சாரா!" என்றாள் ஒருத்தி மார்பில் கைவைத்து. "அந்த மீசையா! அவர் ஜீப் சத்தம் கேட்டாலே நாங்க ஜன்னலைச் சாத்துவோமே!"

"அந்த மீசைக்காரர்தான் மாவு சலித்தார்," என்றேன்.

புனிதவதி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வாழ்நாளில் முதன்முறையாக அவள் ஒரு நிமிடம் பேசாமல் இருந்ததைப் பார்த்தேன். அவளுடைய கையில் ஒரு புதிய குறிப்பேடு இருந்தது, செய்முறையை எழுதிக்கொள்ள. அதை என் முன்னால் நகர்த்தினாள்.

"மேடம். நான் நாலு ரீடிங்."

"ஆமாம்."

"நீங்க எத்தனை வருஷம்?"

"விடுதிக் கணக்கில் இருபத்தேழு."

"என் ரெக்கார்டைக் கிழிச்சீங்க. உங்களுக்குக் கிழிக்க ரெக்கார்டே கிடையாது." உதடு துடித்தது, அழுகையா சிரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. "அதனால முதல்லேர்ந்து எழுதணும். ரிப்பீட், மேடம். திங்கட்கிழமைக்குள்ள. சுத்தமா, மை பேனாவுல."

பிறகு அவள் சிரித்த சிரிப்பில் மதிலிலிருந்த குரங்கு தாவி ஓடிற்று. எல்லாரும் சிரித்தார்கள். சின்னையன் மட்டும் அழுதார். சத்தியத்தை அவர் உடைக்காமலே அது உடைந்துவிட்ட ஆறுதலாக இருக்கலாம்.

முதல் பக்கத் தலைப்பு 'டி.எஸ்.பி. தேவசகாயம் பழக் கம்பளி' என்று முடிவாயிற்று. மீசையோடு படம் வேண்டுமாம். போகும்போது புனிதவதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ்ளோ பயமா மேடம், என்கிட்ட சொல்ல?" என்றாள்.

"படியில் பார்த்து இறங்கு" என்றேன்.

28 மே, ஞாயிறு

ஆலயம் போய்வந்து உட்கார்ந்தேன். தண்டனை தண்டனைதான். மை பேனாவில், சுத்தமாக:

சோதனை: பழக் கம்பளி. செய்தவர்: தேவசகாயம். கண்ணால் கண்டவர்: சின்னையன். தட்டைத் தூக்கியவர்: ரஞ்சிதம். தேவையான பொருட்கள், செய்முறை, முன்னெச்சரிக்கை ('கலக்கக் கூடாது' என்பதை இருமுறை அடிக்கோடிட்டேன்), முடிவு. அனைத்தையும் எழுதினேன். கடைசியில் மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம் வரைவது வழக்கம். வரைந்தேன். அங்கே பேனா நின்றுவிட்டது.

ஞாயிறுதோறும் நான் ஆலயத்திலிருந்து திரும்பியதும், ஒரு கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு, விசாரணைக்கு வந்தவரைப்போல எதிரில் நிற்பார். மாவட்டமே நடுங்கிய மனிதர், "பத்துக்கு எவ்வளவு, ரஞ்சி?" என்பார்.

"ஆறு" என்பேன்.

வெண்ணெய் கூடுதல் என்பேன். அடுத்த வாரம் வெண்ணெயைக் குறைத்துவிட்டு நிற்பார். ஓரம் முறுகல் என்பேன். அதைத் திருத்திவிட்டு நிற்பார். இனிப்பு, சூடு, பழத்தின் பக்குவம் என்று வாரத்துக்கொரு குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாட்டை எந்த விடைத்தாளுக்கும் பட்டதில்லை. முப்பத்தெட்டுப் பழக்காலங்கள். கடைசியாக 2011 ஜூலையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாவு கலக்கிச் செய்தார். அன்றும் ஆறுதான் போட்டேன். "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார்.

அவரிடமும் எவரிடமும் நான் சொல்லாத செய்தி இது: முதல் ஞாயிற்றிலிருந்தே அது பத்து. பத்து என்று சொன்னால் மனிதர் அத்தோடு நிறுத்திவிடுவார் என்று கணித்தேன். எனக்கு அடுத்த ஞாயிறும் வேண்டியிருந்தது.